ஆத்தா நேராகப் பார்த்த படம்

நங்கையா,

இந்த வருஷமும் ஐப்பசி அடைமழை விடாமல் பெய்தது. இன்று காலையில்தான் வெயில் எட்டிப் பார்த்தது. அலமாரியைத் திறந்து உங்கள் கேமராவின் தோல் உறையை வெளியே எடுத்தேன். ஈரக்காற்றில் அதன்மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. பழந்துணியில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். பழைய தோலும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை வந்ததும் கை தானாக நின்றுவிட்டது. கேமரா வீட்டுக்கு வந்த வருஷம் ஐப்பசி முதல் தை வரைக்கும் நம் வீட்டு முன்கூடமான ஆசாரம் முழுக்க இந்த வாசனைதான் இருந்தது. உங்களோடு பேசி வெகுநாள் ஆயிற்று. இப்போது சொல்ல வேண்டியது ஒன்று சேர்ந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் சூலூரிலிருந்து சிங்காநல்லூர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்று, நீங்கள் கிணற்றடியில் வெள்ளைச் சேலையோடு நின்றிருந்தீர்கள். என்னைக் கட்டிய உங்கள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நான் வாசற்படி ஏறும்வரை நீங்கள் அந்தப் பக்கம் வரவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒரு சொம்பில் மோரைக் கொண்டுவந்து நீட்டி, "வெயில்ல வந்திருக்கற. குடி அம்மணி" என்றீர்கள். அந்த வீட்டில் என்னிடம் முதலில் பேசியது நீங்கள்தான். அந்தியூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்து, காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அப்போது உங்களுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது.

அந்த வீட்டில் எனக்குப் பிடிபட நாளான ஒரு விஷயம் உண்டு. அத்தை, அதாவது என் மாமியார், உங்கள் ஆத்தா, உங்களிடம் பேசாமல் இருந்ததில்லை. "சோளம் காஞ்சுதா?" என்று கேட்பார், முறத்தைப் பார்த்துக்கொண்டு கேட்பார். "சாப்புட்டியா?" என்பார், அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொல்வார். உங்கள் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார். நீங்கள் எதிரே வந்தால் அவருக்கு உடனே மாட்டுப்பட்டியில் ஒரு வேலை நினைவுக்கு வந்துவிடும். ஊரில் மற்றப் பெண்கள் வெளியே கிளம்பும்போது உங்களைக் கண்டால் ஒதுங்குவதை நான் பார்த்திருந்தேன். இதுவும் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருந்தீர்கள். ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கேமரா வந்தது என் மகள் செல்லம்மா நடக்கத் தொடங்கியிருந்த சமயம். உங்கள் தம்பி வேலை பார்த்த மில்லில் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் சீமைக்குத் திரும்பும்போது இதை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்புப் பெட்டி, மேலே சின்னக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு விசை. பெட்டியை இடுப்போடு அணைத்து, குனிந்து கண்ணாடியைப் பார்த்தால் எதிரில் நிற்பவர் குன்றிமணி போல் அதில் தெரிவார்.

முதல் சுருளை முழுக்க உங்கள் தம்பிதான் எடுத்தார். டவுன் ஸ்டூடியோவில் கழுவிக் கொண்டுவந்து ஆசாரத்தில் பரப்பினார். ஒன்றில் என் கழுத்துக்குக் கீழே மட்டும் இருந்தது. ஒன்றில் காளையின் பின்பக்கம். இன்னொன்றில் வெறும் கட்டைவிரல். "படம் புடிச்சா ஆயுசு கொறையும்" என்று ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்த மாமனார் காளைப் படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "காளைக்கு ஒண்ணும் ஆகாது. அது மூஞ்சியக் காட்டல பாரு" என்றார். நீங்கள் சுவரில் சாய்ந்து சிரித்தீர்கள். உங்களுக்குச் சத்தமாகச் சிரிக்கத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"அக்கா, நீ ஒருக்கா புடிச்சுப் பாரேன்" என்று தம்பி பெட்டியை உங்கள் கையில் கொடுத்தார். அதோடு சரி. அப்புறம் அது அவர் கைக்குத் திரும்பவே இல்லை.

மழைக்காலத்தில் படம் பிடிப்பது என்ன பாடு என்பதை மறக்க முடியுமா? இந்தப் பெட்டிக்கு நல்ல வெயில் வேண்டும். ஐப்பசியில் வெயில் வருவதோ கொஞ்ச நேரம். மேகம் விலகியதும், "அம்மணி, வெயிலு! பாப்பாவத் தூக்கிட்டு ஓடியா!" என்று களத்திலிருந்து கூப்பிடுவீர்கள். நான் மாவு பிசைந்த கையோடு ஓடி வருவேன். நான் வந்து நிற்பதற்குள் மேகம் மூடிவிடும். நீங்கள் பெட்டியை இறக்காமல் வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். "இருக்கட்டும். அது எங்க போயிடும்? வரும்" என்பீர்கள். செல்லம்மா அழுது, சிரித்து, என் தோளில் தூங்கியும் போவாள். நீங்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள்.

தீபாவளி அன்று மழை விட்டிருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, செல்லம்மாவுக்கு ரோஜா நிறக் கவுன் போட்டு வாசலுக்குக் கொண்டுவந்தேன். அதுவரைக்கும் நீங்கள் சமையற்கட்டுப் பக்கமே இருந்தீர்கள். நல்ல நாளில் முன்னால் வரக் கூடாது என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தம்பிதான் உள்ளே போய் உங்களைக் கூட்டிவந்தார். "நீ வல்லீன்னா படத்த யாரு புடிக்கறது?" என்றார். நீங்கள் பெட்டியோடு வாசலில் இறங்கியதும் அத்தை எழுந்துவிட்டார். "எனக்கு வேல கெடக்குது. நீங்க நில்லுங்க" என்று உள்ளே போனார். விசையை அமுக்கும் வரையில் உங்கள் முகம் மாறவே இல்லை.

அந்தச் சுருள் கழுவி வந்தபோது படங்களைத் தரையில் வரிசையாக வைத்தீர்கள். செல்லம்மா தேன்குழலைக் கடிக்கிறாள். மாமனார் மீசையை முறுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆயுசுக் கவலையெல்லாம் அதற்குள் பறந்துவிட்டது. உங்கள் தம்பி மில்லுக்குக் கிளம்புகிறார். எல்லாம் அவ்வளவு நன்றாக வந்திருந்தன. ஆனால் நீங்கள் மூலைகளில் விரல் வைத்துக் காட்டினீர்கள். ஒன்றில் கதவுக்குள் மறையும் சேலைத் தலைப்பு. ஒன்றில் குனிந்த தலை. ஒன்றில் முதுகு.

"பாத்தியா அம்மணி? ஆத்தா எல்லாத்துலயும் இருக்குது. ஒண்ணுலகூட மொகமில்ல."

நீங்கள் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினீர்கள். குரலை உயர்த்தவில்லை. "பொங்கலுக்குள்ள ஆத்தா என்னைய நேராப் பாக்கோணும். அப்படி ஒரு படம் எடுக்காம நா விடமாட்டேன்."

கார்த்திகைக்கு விளக்கு வைத்தோம். இருட்டில் இந்தப் பெட்டியால் முடியாது என்று உங்கள் தம்பி சொன்னார். விசையை இழுத்துத் திறந்தே வைத்தால் என்ன என்று கேட்டீர்கள். பொழுது சாய்ந்ததும் கேமராவைக் கிணற்று மேடையில் வைத்து, அசையாமல் இருக்கக் கல் முட்டுக் கொடுத்து, விசையைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நின்றீர்கள். மதில்மேல் அகல்கள் வரிசையாக எரிந்தன. அத்தை கையில் ஒரு விளக்கோடு கிணற்றடிக்கு வந்தார். உங்களைக் கண்டதும் திரும்பித் துளசி மாடத்துப் பக்கம் போய்விட்டார்.

அந்தப் படம் வந்தபோது உங்கள் தம்பி ரசித்து ரசித்துப் பார்த்தார். அகல்கள் எல்லாம் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தன. நடுவில் ஒரு வெளிச்சக் கோடு, நேரே நம்மை நோக்கி வந்து, பாதியில் வளைந்து ஓரமாகப் போயிருந்தது. அத்தை நடந்த வழி அது. அவர் உருவம் விழவில்லை. கையிலிருந்த விளக்கு மட்டும் விழுந்திருந்தது. நீங்கள் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினீர்கள்.

அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மார்கழியில் ஒரு நாள் காலையில் அத்தையும் நானும் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தோம். நீங்கள் தோட்டத்தில் இருந்தீர்கள். துணிந்து கேட்டுவிட்டேன்.

"ஏனுங் அத்தை, நங்கையா மொகத்த ஏன் பாக்கறதில்லீங்க? பெத்த புள்ளையில்லீங்களா?"

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அவரைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நார் உரிக்காமல் இருந்தார்.

"அந்தியூருச் சம்பந்தம் வேண்டாம்னு உன்ற மாமனாரு சொன்னாரு. பையன் நோஞ்சானா இருக்கறான்னு அப்பவே சொன்னாரு. நாந்தான் கேக்கல. என்ற பொறந்த ஊட்டு வழிச் சொந்தம் உட்டுப்போகக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னு குடுத்தேன். இப்ப அந்த மொகத்த நா என்னன்னு பாக்கறது கண்ணு? பாத்தா என்ற வவுறு எரியுது."

அன்று சாயங்காலமே உங்களிடம் சொன்னேன். நீங்கள் காய்ந்த பருத்திமாரை விறகுக்குக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். கட்டு கையிலிருந்து நழுவியது.

"ஆத்தா அப்படியா சொல்லுச்சு?"

"ஆமாங்க நங்கையா."

"நா அபசகுனம்னு இல்லியா?"

"இல்லவே இல்லீங்க."

நீங்கள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்து கட்டைக் கட்டினீர்கள். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டபோது சொன்னீர்கள்: "அப்படீன்னா இனி விடவே போறதில்ல. ஆத்தா தலையத் தூக்கற வரைக்கும் நா பெட்டியக் கீழ வெக்கறதில்ல."

பட்டிப் பொங்கல் அன்று மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, பட்டியில் பொங்கல் வைத்தோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் வந்திருந்தார்கள். மழையெல்லாம் ஓய்ந்து தை மாதத்து வெயில் தெளிவாக அடித்தது. உங்கள் தம்பி எல்லோரையும் களத்தில் நிறுத்தினார். மாமனார் புது வேட்டியோடு நடுவில், பக்கத்தில் அத்தை, நான், தம்பி, என் இடுப்பில் செல்லம்மா. சுருளில் மிச்சமிருந்தது ஒரே படம். அத்தையும் அன்று நகராமல் நின்றார். அத்தனை பேருக்கு முன்னால் விலகிப் போக முடியவில்லை. ஆனால் தலை மட்டும் குனிந்திருந்தது.

நீங்கள் எதிரே வந்து நின்று பெட்டியை இடுப்போடு அணைத்துக் குனிந்தீர்கள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். விசை அமுங்கவில்லை.

"ஆத்தா, நிமிந்து பாரு" என்றீர்கள்.

"பாத்துட்டுத்தான் இருக்கறேன். நீ புடி."

"இல்ல. நீ மண்ணப் பாக்கற. என்னப் பாரு."

மாமனாருக்குப் பொறுமை போய்விட்டது. "ஏ அம்மணி, வெயிலு கண்ணக் கூசுது. அமுக்கித் தொலையேன்" என்றார்.

"இருங்கப்பா. ஆத்தா பாக்கட்டும்."

பக்கத்துத் தோட்டத்துக் கிழவி ஒருத்தி முணுமுணுத்தாள். நல்ல நாளும் அதுவுமாய் இவளை எதிரே நிறுத்தியிருக்கிறார்களே என்று அவள் சொன்னது எனக்கே கேட்டது. உங்களுக்கும் கேட்டிருக்கும். நீங்கள் அசையவில்லை. செல்லம்மா என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தாள். ஒரு காளை தலையை ஆட்டியதில் கழுத்து மணி குலுங்கியது. வெயில் மெல்லத் தென்னைகளின் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அது போய்விட்டால் படமே இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். தம்பி என் காதில், "அக்கா உட மாட்டா" என்றார். நான் ரகசியமாக அத்தையின் கையைப் பிடித்தேன்.

"ஆத்தா" என்று மறுபடியும் கூப்பிட்டீர்கள். இந்தத் தடவை கட்டளை இல்லை. "எனக்கு உம்மேல கோவமே இல்ல ஆத்தா. ஒருக்கா பாரு."

அத்தை நிமிர்ந்தார்.

நீங்கள் கண்ணாடியிலிருந்து முகத்தைத் தூக்கினீர்கள். பெட்டியும் கையும் தன்பாட்டில் இருக்க, நீங்கள் இருவரும் பார்த்துக்கொண்டீர்கள். விசை அமுங்கிய சின்னச் சத்தம் அந்த நேரத்தில்தான் கேட்டது. அமுக்கியது உங்களுக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அத்தை வரிசையை விட்டு நடந்து உங்கள் பக்கம் வந்தார். உங்கள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ற சாமி! எப்ப கண்ணு இப்படி எளச்சுப் போன?" என்றார். "கண்ணுக்குக் கீழயெல்லாம் கறுத்துக் கெடக்குதே. என்ற கிட்டச் சொல்லக் கூடாதா?" அதே வீட்டில், அதே சோற்றைத் தின்று, இத்தனை வருஷம் இருந்த மகளை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்க்கிறவர்போல் கேட்டார். நீங்கள் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு அவர் தோளில் தலை வைத்தீர்கள். முணுமுணுத்த கிழவி பொங்கல் பானைப் பக்கம் போய்விட்டாள்.

பிலிமை டவுனில் கழுவி வாங்கி, படத்தை வீட்டிலேயே அச்சுப் போட்டோம். வெயில் பட்டால் தானே கறுக்கும் காகிதம் ஒன்று அப்போது கிடைத்தது. பிலிமையும் காகிதத்தையும் சேர்த்துச் சட்டத்துக்குள் வைத்துக் களத்தில் காயவைத்தீர்கள். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து காக்காய் விரட்டினார். சட்டத்தின் பாதியைத் திறந்து பார்த்தபோது உருவங்கள் ஏறியிருந்தன. படம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மாமனாரின் தலைப்பாகை வெட்டுப்பட்டிருந்தது. நான் பாதிதான் இருந்தேன். அத்தையின் முகம் மட்டும் அத்தனை தெளிவு. கண் நேராகப் பார்த்தது. "இப்படியா பாத்தேன்?" என்று வெட்கப்பட்டுக் கேட்டார். "இப்படித்தான் பாத்த" என்றீர்கள்.

அதனால் ஊர் மாறிவிடவில்லை. அடுத்த கார்த்திகைக்கும் முதல் விளக்கை உங்களை ஏற்றவிடவில்லை. ஆனால் காலையில் நீங்கள் தோட்டத்துக்குக் கிளம்பும்போது, "அம்மணி, மொகத்தக் காட்டிட்டுப் போ" என்று உள்ளேயிருந்து அத்தை கூப்பிடுவார். நீங்கள் திரும்பி வந்து காட்டிவிட்டுப் போவீர்கள். இது அவர் கண்மூடும்வரை நடந்தது.

உங்கள் பிடிவாதம் அத்தோடு நிற்கவும் இல்லை. சூலூரில் என் தம்பி கல்யாணத்துக்கு உங்களைப் படம் பிடிக்கக் கூப்பிட்டபோது, என் பெரியப்பா உங்களைப் பந்தலில் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நீங்களோ அவருக்கு நேராகப் பெட்டியைப் பிடித்து, "ஏனுங், செத்த நிமிந்து பாருங்க. உங்க மீசைக்கு நல்லா வரும்" என்றீர்கள். அவர் நிமிர்ந்து, மீசையையும் தடவிக்கொண்டார். அந்தப் படம் அவர் வீட்டுக் கூடத்தில் வெகுகாலம் மாட்டியிருந்தது.

நீங்கள் போய் வெகுகாலம் ஆகிறது. உங்கள் தம்பியும் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் போய்விட்டார். இப்போது நானும் நீங்கள் நின்ற இடத்துக்கு வந்திருக்கிறேன். ஊரும் காலமும் எவ்வளவோ மாறியதாகச் சொல்கிறார்கள். ஆனாலும் நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் நான் வாசலில் நின்றால் ஒரு நொடி தயங்குகிறார்கள். எனக்கு அது தெரிகிறது.

வருகிற தையில் செல்லம்மாவின் மகளுக்குக் கல்யாணம். நேற்று செல்லம்மா வந்திருந்தாள். சுற்றிச் சுற்றி ஏதேதோ பேசினாள். கடைசியில் புடவை மடிப்பை நீவிக்கொண்டே, "அம்மா, தாலி கட்டி முடிஞ்ச பொறவு நீங்க மேடைக்கு வந்தாப் போதும்னு மாப்பிள்ளை ஊட்டுல நெனைக்கறாங்க போலிருக்குதுங்க" என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவள் நிமிரும் வரைக்கும் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் பிடித்தது. நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"மொத நாளே வந்தர்றேன்னு அவங்ககிட்டச் சொல்லு கண்ணு" என்றேன்.

படம் பிடிக்க எனக்கு வரவே இல்லை, நங்கையா. எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தீர்கள். எல்லாருடைய தலையையும் வெட்டினேன். உங்களிடமிருந்து எனக்கு வந்தது, எதிரில் இருப்பவர் நிமிரும்வரை நகராமல் நிற்பதுதான். அது இந்த வயதில் கால்வலியோடும் நன்றாகவே வருகிறது. முகூர்த்தத்தன்று மேடைக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன். தாலி ஏறியதும் பேத்தி தலையைத் தூக்குவாள் அல்லவா, அப்போது அவள் கண்ணில் முதலில் படுவது என் முகமாக இருக்கும்.